நாலரை லட்சத்துக்கு ஒரு கேமரா பாடி வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, ஓமலூர் பக்கம் 6 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஆள் கிடைக்காத நாளில் போட்டோவும் நானே. கையில் இருப்பது கேனன் 80டி கேமரா, லென்ஸ்கள் 24-105 எஃப்4, 50 எஃப்1.8, பாடியோடு வந்த 18-135. சேமிப்பு ஒன்றரை லட்சம். மேலே 3 லட்சம் கடன் வாங்கி 8கே எடுக்கும் கேனன் ஆர்5 வாங்கலாம் என்று இருக்கிறேன். நண்பர் ஒருவர் சோனி ஏ7எஸ்3தான் வீடியோவுக்கு என்கிறார். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தைப் பற்றி அரை மணி நேர ஆவணப்படம் எடுக்கும் ஆசையும் இருக்கிறது. எடிட்டிங்குக்கு 8ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப். எதை வாங்கலாம்? 80டியை விற்றுவிடலாமா?
ஓமலூர் வாசகர்

பதில்: தம்பி, இரண்டு கேமராவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது உங்கள் லேப்டாப். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் 80டி எடுப்பது 8-பிட் எச்.264 ஃபைல். எந்தப் பழைய கணினியும் அதை முனகாமல் ஓட்டும். நீங்கள் வாங்க நினைக்கும் இரண்டு பாடியிலும் உருப்படியான தரம் என்றால் 10-பிட் 4:2:2, அதாவது நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் முறை. அதைப் பெரும்பாலும் இன்னும் இறுக்கிச் சுருக்கும் எச்.265-இல்தான் பதிவு செய்வீர்கள். இந்த ஃபைலைச் சிப்பிலேயே பிரிக்கும் வசதி இன்டெலில் பரவலாக 11ஆம் தலைமுறையில் இருந்துதான் வந்தது, ஆப்பிளில் எம்1-இல் இருந்து. உங்கள் லேப்டாப்பில் டைம்லைனில் போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நாதஸ்வரம் போய்க்கொண்டே இருக்கும், மாப்பிள்ளை கை தாலியோடு அப்படியே நிற்கும். நாலு நொடி கழித்து ஒரே தாவாகத் தாவி மூன்றாவது முடிச்சுக்குப் போயிருப்பார். கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். என்விடியாவில் 4:2:2 ஃபைலைப் பிரிக்கும் வசதி 50 வரிசை கார்டுகளில்தான் வந்தது. அதற்கு முந்தையது எவ்வளவு விலையானாலும் இந்த விஷயத்தில் உதவாது. ராத்திரி படுக்கும் முன் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு சின்ன நகல்) போட்டுவிட்டுக் காலையில் எடிட் பண்ணலாம், பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த மாதத்தில் வாரம் மூன்று கல்யாணம் வரும்போது அந்த ராத்திரி போதாது.

ஆக உங்கள் நாலரை லட்சத்தில் ஒரு பங்கு கணினிக்குப் போயாக வேண்டும். பாடிக்கு எல்லாவற்றையும் கொட்டினால் கேமராவுக்குள் நல்ல படம் இருக்கும், வெளியே வராது.

இப்போது 8கே. ஆர்5 2020 ஜூலையில் வந்தபோது நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். கணக்குப் போட்டதும் வாயை மூடிக்கொண்டேன். 8கே ரா (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு) என்றால் நொடிக்கு 2600 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 1170 ஜிபி. 512 ஜிபி கார்டு 26 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த காலத்தில் ஆயிரம் அடி ஃபிலிம் ரோல் 11 நிமிடம் ஓடும், ஒவ்வொரு அடியும் காசு. நாம் கார்டு வந்தபின் கணக்கில்லாமல் எடுத்துப் பழகியவர்கள். 8கே நம்மை மறுபடி ரோல் காலத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.

சூடு இன்னொரு பக்கம். 8கே சுமார் 20 நிமிடம் ஓடும் என்று ஆர்5-க்குக் கேனனே எண் கொடுத்தது. அந்த எண் 23 டிகிரி அறைக்கு. பிறகு வந்த ஃபர்ம்வேரில் கொஞ்சம் நீண்டது என்றாலும் நம் ஊர்ச் சித்திரை மாதத்தை நினைத்துப் பாருங்கள். வெளியே 40 டிகிரி, மேடையில் விளக்குச் சூடு, பக்கத்திலேயே ஹோமகுண்டம். 23 டிகிரி ஏற்காட்டில் கிடைக்கும், மண்டபத்தில் எங்கே கிடைக்கும்? அதே குடும்பத்தில் ஆர்5 சி என்று ஃபேன் வைத்த பாடி 2022-இல் வந்தது. சூடு ஒரு பிரச்சினை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

8கே எடுத்தால் எடிட்டிங்கில் வெட்டி நெருக்கக் காட்சி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தனி ஆளாக ஒரே ட்ரைபாடில் முகூர்த்தம் எடுப்பவருக்கு அது பயன்படும். ஆனால் உங்களிடம் 80டி இருக்கிறது. இரண்டாவது கோணத்துக்கு இரண்டாவது கேமரா வைப்பது, ஒன்றை வெட்டி இரண்டாக்குவதைவிட நல்லது. முகத்துக்கு முன்னால் ஐயர் வந்து நின்றால் 8கேயும் ஐயர் முதுகைத்தான் காட்டும். கல்யாண வீட்டார் கடைசியில் பார்ப்பது போனில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், பென் டிரைவில் டிவியில். 8கே கேட்டு எனக்கு இதுவரை ஒருவரும் போன் செய்ததில்லை.

நண்பர் சொன்ன ஏ7எஸ்3 வீடியோவுக்கு அருமையான பாடி, மறுக்கவில்லை. 4கே 10-பிட், வினாடிக்கு 100 பிரேம் வரை ஸ்லோமோஷன், இருட்டில் கண் தெரியும். உங்களுக்கு அதில் இரண்டு இடிக்கிறது. ஒன்று, 12 மெகாபிக்சல். போட்டோவும் எடுப்பதாகச் சொல்கிறீர்கள். நம் ஊரில் ஆல்பம் என்றால் 12×36 அங்குலம். ஏ7எஸ்3 படம் 4240 பிக்சல் அகலம். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 118 பிக்சல்தான் விழும். கொஞ்சம் க்ராப் செய்தால் அதுவும் போச்சு. மாமியார் ஆல்பத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பார், தெரியுமில்லையா. இரண்டு, உங்கள் லென்ஸ்கள் கேனனின் பழைய ஈஎஃப் வகை. சோனியில் மாட்ட அடாப்டர் கிடைக்கும், போட்டோவுக்கு ஒப்பேற்றலாம். வீடியோவில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். அப்புறம் எல்லா லென்ஸையும் புதிதாக வாங்க வேண்டும், கடன் 3 லட்சத்தில் நிற்காது.

என்னைக் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு படி கீழே. கேனன் ஆர்6 மார்க் 2, அல்லது அந்த வகையில் உள்ள ஒன்று. 24 மெகாபிக்சல், ஆல்பத்துக்குத் தாங்கும். 4கே 50 பிரேம் வரை ஓரம் வெட்டாமல் முழு சென்சாரில் இருந்து எடுக்கும். இந்த ‘வெட்டாமல்’ என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். சில பாடிகளில் 50 பிரேம் வைத்ததும் படம் நெருங்கிவிடும், 24 எம்எம் லென்ஸ் 36 போல ஆகிவிடும். சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் நலங்கு எடுத்துப் பாருங்கள். தறிக்குழி ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம், நடுவில் பாய், முதுகு சுவரில் ஒட்டியிருக்கும். பின்னால் போக ஓர் அடி இருக்காது. அங்கே 24 எம்எம் 24-ஆகவே இருக்க வேண்டும்.

இந்தப் பாடியில் குறைகளும் உண்டு. 50 பிரேமில் நீண்ட நேரம் விட்டால் இதுவும் சூடாகும். சடங்குகளை 25 பிரேமில் எடுங்கள், மாலை மாற்றுவது, ஊஞ்சல் போன்ற துண்டுகளுக்கு மட்டும் 50. எச்டிஎம்ஐ துளை மைக்ரோ அளவு. மண்டபத்து எல்இடி திரைக்கு நேரலை கொடுக்கும்போது ஒரு வாண்டு கேபிளைத் தாண்டி ஓடினால் துளையே ஆடிப்போகும். கேபிளைப் பாடியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் மேடைக்குப் போகாதீர்கள். 18-135 உங்கள் 80டியின் சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ், அதை இதில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், போட்டோ 10 மெகாபிக்சலுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த லென்ஸ் 80டியோடே இருக்கட்டும்.

மற்ற இரண்டு லென்ஸும் கேனனின் சொந்த அடாப்டரில் பழையபடியே வேலை செய்யும். ஆவணப்பட ஆசைக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது.

ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் உச்சி வெயிலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக் (எடிட்டிங்கில் நிறம் ஏற்றுவதற்காகச் சப்பென்று பதியும் முறை) வைத்தால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, 800-க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50. நல்ல வெயிலுக்குப் பழைய கணக்கு எஃப்16-இல் ஐஎஸ்ஓவுக்கு ஈடான ஷட்டர், அதாவது 1/800. நீங்கள் 1/50-க்கு வந்ததில் 4 ஸ்டாப் கூடிவிட்டது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). பின்னணி மங்க எஃப்2.8-க்குத் திறந்தால் இன்னும் 5. மொத்தம் 9 ஸ்டாப் வெளிச்சத்தை எங்காவது தடுக்க வேண்டும். தடுக்காமல் ஷட்டரை ஏற்றினால் காபி பறிக்கிற அம்மாவின் விரல்கள் பொம்மலாட்டம் மாதிரி வெட்டி வெட்டிப் போகும். லென்ஸ் முன்னால் திருகும், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான சாதாரண வேரியபிள் என்டி பலவும் 5 ஸ்டாப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் திருகினால் வானத்தில் ஒரு கறுப்புப் பெருக்கல் குறி விழும். ஈஎஃப் லென்ஸை ஆர் பாடியில் மாட்டும் அடாப்டரிலேயே வேரியபிள் என்டி செருகும் ஒரு வகையைக் கேனன் விற்கிறது. ஒன்றரை ஸ்டாப்பில் இருந்து 9 வரை போகும், எந்த லென்ஸ் மாட்டினாலும் அதே என்டி. விலை சுருக்கென்றுதான் இருக்கும். பழைய ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவருக்குக் கிடைக்கிற இந்த வசதி, ஆர் பாடிக்கென்றே வந்த புது ஆர்எஃப் லென்ஸ் வாங்கினவருக்குக் கிடையாது, அதுதான் வேடிக்கை.

10-பிட் ஏன் என்று புரிய ஏற்காட்டுப் பனியைவிட நல்ல வாத்தியார் இல்லை. விடிகாலையில் ஏரிப் பக்கம் போய் 80டியில் ஒரு காட்சி எடுத்துப் பாருங்கள். பனி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் நூறு சாம்பல் இருக்கிறது. 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10-பிட்டில் 1024. எடுத்தபடியே கொடுத்தால் 8-பிட்டிலும் பெரிதாகத் தெரியாது. எடிட்டிங்கில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பாருங்கள், சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் பனி படிக்கட்டு படிக்கட்டாகப் பிரிந்து நிற்கும். அதை எந்தச் சாஃப்ட்வேராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. மரநிழலில் காபிச் செடி மேல் விழும் வெயில் பொட்டுகளும் அப்படியே, வெள்ளையாக எரிந்து போனால் திரும்பி வராது. கல்யாணத்தில் இதே சோதனை வெண்பட்டு வேட்டி. மாப்பிள்ளை வேட்டியில் ஜரிகைக்குப் பக்கத்தில் மடிப்பு தெரிகிறதா என்று ஸீப்ரா (வெள்ளையாக எரியும் இடத்தில் கோடு காட்டும் வசதி) வைத்துப் பாருங்கள். மடிப்பு இருந்தால் முகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வேட்டி எரிந்தால் எரிந்ததுதான்.

நான் செய்த ஒரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் ஒருவர் எனக்கு ஒரு பாடி வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்த மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாணம். புதுக் கேமரா ஜோரில் மெனுவுக்குள்ளேயே போகவில்லை. அதில் வீடியோ சிஸ்டம் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள நாடுகளுக்கானது) என்று இருந்திருக்கிறது. 30 பிரேம், ஷட்டர் 1/60. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை கண் சிமிட்டும். சின்னத் திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய மானிட்டரில் போட்டால், பொண்ணு மேடைக்கு வருவதில் இருந்து பட்டை பட்டையாக நிழல் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, பழைய டிவியில் சிக்னல் போன மாதிரி. இரண்டு வாரம் உட்கார்ந்து பாதியை ஒப்பேற்றினேன், மீதிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எந்தப் பாடி வாங்கினாலும் முதல் வேலை மெனுவில் வீடியோ சிஸ்டத்தை நம் ஊருக்கான ‘பால்’ (PAL) என்று மாற்றுவது. ஷட்டர் 1/50, இல்லை 1/100.

ஒலி பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கெட்டி மேளம் கேமரா மைக்கில் கரகரத்துப் போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எத்தனை லட்சம் பாடியானாலும் மாறாது. சத்தம் கூடிப்போனாலும் எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ள இடம் கொடுக்கும் 32-பிட் ஃப்ளோட்டில் பதியும் சின்ன ரெக்கார்டர் ஒன்றும், சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் ஒரு ஜோடியும் வாங்குங்கள். ஆவணப்படத்தில் தோட்டக்காரர் பேசுவது கேட்கவில்லை என்றால் அவர் பின்னால் எவ்வளவு அழகாகப் பனி இறங்கினாலும் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

மலைக்குப் போகும்போது ஒரு ஜாக்கிரதை. லென்ஸில் ஆவி படிவது ஏறும்போது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கீழே இருந்து போகிற கேமரா சூடாக இருக்கும், அதில் ஆவி படியாது, பனித்துளி மேலே விழுந்தால் துடைத்துவிடலாம். வில்லங்கம் இறங்கும்போது. விடிகாலைக் குளிரில் இரண்டு மணி நேரம் இருந்த பாடி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரத்துக்கு வந்து, டீக்கடை முன்னால் பையைத் திறந்தால் கீழ்க்காற்றின் ஈரம் முழுக்க சென்சார் வரை போய் ஒட்டிக்கொள்ளும். ஊர்க் காற்றுக்குப் பழகும்வரை ஒரு மணி நேரம் பையை மூடியே வைத்திருங்கள். ஏசி ரூமில் இருந்து மண்டபத்துக்கு வரும்போதும் இதேதான். வீட்டில் ஒரு காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். ஃபங்கஸ் வந்த லென்ஸை வாங்க ஆள் இருக்காது.

வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கல்யாணத்தன்று வேண்டாம், சும்மா இருக்கும் ஒரு நாள். மத்தியானம் வீட்டு மொட்டை மாடியில் வெயிலில் ட்ரைபாடில் வைத்து 4கே 25 பிரேமில் ஓட விட்டு எத்தனை நிமிடத்தில் எச்சரிக்கை வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். திரையைப் பாடியை விட்டு விலக்கித் திறந்து வைத்து இன்னொரு தடவை, மேலே குடை பிடித்து இன்னொரு தடவை. சாயந்திரம் அந்த ஃபைலை உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். நான் மேலே எழுதினதில் எவ்வளவு உண்மை என்று அப்போது தெரியும். கடன் எவ்வளவு வாங்குவது என்பதும் அப்போது தானாகவே தெளிந்துவிடும். என் கணக்கில் 3 லட்சம் தேவைப்படாது.

80டியை விற்காதீர்கள். கைக்கு வரும் காசு சின்னது. வீடியோவில் நன்றாக ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்சல் வசதி உள்ள பாடி, மண்டபத்துக்குப் பின்னால் ட்ரைபாடில் அகலமாக வைத்துவிட்டால் முழு மேடையையும் பார்த்துக்கொள்ளும். 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்காமல், முகூர்த்தத்துக்கு 5 நிமிடம் முன்னால் நிறுத்தி மறுபடி ஓட்டச் சொல்லி ஒரு பையனிடம் ஒப்படையுங்கள். அதன் பேட்டரிகள் ஆர்6 மார்க் 2-இலும் பொருந்தும், அவசரத்துக்கு ஆச்சு.